அணு ஆயுதப் பேச்சுவார்த்தையில விஞ்ஞானிக்கு என்ன வேலை? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அணு பாதுகாப்புன்னா எது? ரியாக்டர் வெடிக்காம பாத்துக்கறதா?

இங்கதான் தமிழ்ல ஒரு சிக்கல். சேஃப்டி, செக்யூரிட்டி, சேஃப்கார்ட்ஸ்னு மூணு தனித்தனி விஷயம் இருக்கு, நாம மூணுக்குமே பாதுகாப்புன்னு ஒரே வார்த்தையைப் போட்டுட்டு போயிடறோம். விபத்து நடக்காம பாத்துக்கறது சேஃப்டி. பொருளை எவனும் திருடாம, நாசவேலை பண்ணாம காவல் காக்கறது செக்யூரிட்டி. ஒரு நாட்டோட அரசாங்கமே மின்சாரத்துக்குன்னு வாங்கி வச்ச யுரேனியத்தை சத்தமில்லாம குண்டுக்கு தள்ளிடாம கண்காணிக்கறது சேஃப்கார்ட்ஸ். இந்தப் பக்கத்துல பேசறது கடைசி ரெண்டும், அதோட அணு ஆயுத ஒப்பந்தங்களும்தான்.

எவ்ளோ கொஞ்சம் பொருள் பத்தி பேசறோம்னு தெரிஞ்சுக்கோங்க. சர்வதேச அணுசக்தி முகமை (ஐஏஇஏ) கணக்குப்படி 8 கிலோ புளூட்டோனியம் காணாமப் போனா ஒரு குண்டு செய்யப் போதும்னு எடுத்துக்கணும். அது அவ்ளோ அடர்த்தியான உலோகம், 8 கிலோன்னாலும் கன அளவு அரை லிட்டர் கூட வராது.

ஒப்பந்தம் போடறது அரசியல்வாதியும் தூதரும். நடுவுல விஞ்ஞானி எதுக்கு?

"இனிமே அணு குண்டு சோதனை பண்ண மாட்டோம்"னு ஒரு வரி எழுதறது சுலபம். எதிர்ப்பக்கம் திருட்டுத்தனமா பூமிக்கடியில வெடிச்சா நமக்குத் தெரியுமா, எவ்ளோ சின்ன வெடியா இருந்தா தெரியாம போகும், அதை நிலநடுக்கம்னு சொல்லி சமாளிச்சா என்ன பண்றது? இதுக்கு பதில் தெரியாம எந்த தூதரும் அந்த வரியில கையெழுத்து போட முடியாது.

1958 ஜூலையில ஜெனீவாவுல நடந்தது நல்ல உதாரணம். அமெரிக்கா பக்கம் நாலு நாடு, சோவியத் பக்கம் நாலு நாடு, ரெண்டு பக்கத்து நிபுணர்களும் உக்காந்து, அரசியலை விட்டுடுவோம், சோதனையை கண்டுபிடிக்க முடியுமா முடியாதான்னு மட்டும் பாப்போம்னு பேசினாங்க. ஆகஸ்டுல ஒத்துமையா ஒரு அறிக்கையும் வந்துச்சு, உலகம் பூரா 160-170 கண்காணிப்பு நிலையம் வச்சா 5 கிலோடன்னுக்கு (ஒரு கிலோடன்னா ஆயிரம் டன் டிஎன்டி வெடிமருந்தோட சக்தி) மேல உள்ள வெடியை பெரும்பாலும் பிடிச்சிடலாம்னு. எல்லாரும் சந்தோஷப்பட்டாங்க. ஆனா அந்த அக்டோபர்ல அமெரிக்கா நெவாடாவுல பூமிக்கடியில நடத்தின சோதனைங்களோட டேட்டா வந்ததும் கணக்கு மாறிடுச்சு, நிலநடுக்கத்துக்கும் வெடிக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்கறது நினைச்சதை விட கஷ்டம்னு தெரிஞ்சது. இதுக்கு மேல இன்னொரு தியரி வந்தது, ரொம்ப பெரிய குகை வெட்டி அதுக்குள்ள வெடிச்சா அதிர்வு பல மடங்கு அமுங்கிடும்னு. அமெரிக்கா இதைத் தூக்கிட்டு வந்து மறுபடி பேசணும்னுது, சோவியத் பக்கம் கடுப்பாயிடுச்சு.

அப்புறம் சண்டை ஒரே ஒரு எண்ணுல வந்து நின்னுச்சு. சந்தேகப்பட்ட இடத்தை வருஷத்துக்கு எத்தனை தடவை நேர்ல வந்து பாக்கலாம்? அமெரிக்கா இறங்கி இறங்கி 7ன்னுது, சோவியத் 3க்கு மேல முடியாதுன்னுது. அந்த 4 தடவை வித்தியாசத்துல முழு தடை போச்சு. 1963 ஆகஸ்ட் 5ல மாஸ்கோவுல கையெழுத்தானது பாதி தடைதான். காத்துல, தண்ணிக்கடியில, விண்வெளியில கூடாது, பூமிக்கடியில பண்ணிக்கலாம். எதை வெளியிலேர்ந்தே நம்பிக்கையா கண்டுபிடிக்க முடிஞ்சுதோ அதை மட்டும் தடை பண்ணாங்க. அதுக்கப்புறம் பூமிக்கடியில நடந்த சோதனைங்கதான் எண்ணிக்கையில அதிகம்ங்கறது வேற கதை.

முதல்ல இதை ஆரம்பிச்சு வச்சது யாரு?

குண்டு செய்யறதுக்கு முன்னாடியே ஆரம்பிச்சுட்டாங்க. டென்மார்க் இயற்பியலாளர் நீல்ஸ் போர் (பேர்தான் போர், மனுஷன் கேட்டது சமாதானம்) 1944 மே மாசம் சர்ச்சிலை நேர்ல பாத்து, ரஷ்யாகிட்ட இப்பவே சொல்லிடுங்க, இல்லன்னா யுத்தம் முடிஞ்சதும் ஆயுதப் போட்டி வந்துடும்னு சொன்னார். சர்ச்சிலுக்கு எரிச்சல்தான் வந்துச்சு. அந்த செப்டம்பர்ல ரூஸ்வெல்ட்டும் சர்ச்சிலும் எழுதிக்கிட்ட குறிப்புல, இந்த நீல்ஸ் போர் ரகசியத்தை வெளிய சொல்லிடாம பாத்துக்கணும்னு ஒரு வரியே இருக்கு.

1945 ஜூன்ல சிகாகோ ஆய்வகத்துலேர்ந்து ஜேம்ஸ் ஃபிராங்க் தலைமையில ஒரு அறிக்கை, ஊர் மேல போடாம ஆளில்லாத இடத்துல வெடிச்சுக் காட்டுங்கன்னு. ஜூலையில லியோ சிலார்ட் எழுதின மனு, 70 பேர் கையெழுத்து. ரெண்டும் எடுபடல. 1946ல, முதல் குண்டு செஞ்ச ஆய்வகத்தை நடத்தின ஓப்பன்ஹைமர் மூளையா இருந்து தயாரான திட்டம் ஒண்ணு, உலகத்துல உள்ள யுரேனிய சுரங்கத்தையெல்லாம் ஒரே சர்வதேச அமைப்புகிட்ட குடுத்துடலாம்னு. அதுவும் ஐ.நா.வுல செத்துப்போச்சு. ஆக ஆரம்ப ஸ்கோர் சைபர்.

பக்வாஷ் பக்வாஷ்னு சொல்றாங்களே, அது என்ன?

பேரைக் கேட்டா இந்தியில திட்டற மாதிரி இருக்கும், ஆனா அது கனடாவுல நோவா ஸ்கோஷியா மாகாணத்துல ஒரு சின்ன கடலோர கிராமம். ரெண்டு பக்கத்து விஞ்ஞானிங்களும் கூடிப் பேசற அமைப்புக்கு அந்த ஊர் பேரே ஒட்டிக்கிச்சு.

1954 மார்ச் 1ல அமெரிக்கா பிகினி தீவுல ஒரு ஹைட்ரஜன் குண்டு வெடிச்சுது. சுமார் 5-6 மெகாடன் (ஒரு மெகாடன்னா ஆயிரம் கிலோடன்) வரும்னு கணக்கு போட்டாங்க, 15 வந்துடுச்சு. குண்டுக்குள்ள இருந்த லித்தியம்-7 சும்மா இருக்கும்னு நினைச்சது சும்மா இருக்கல. சாம்பல் பறந்து போய் ஜப்பான் மீன்பிடி படகு ஒண்ணுல இருந்த 23 பேர் மேல விழுந்துச்சு, ஒருத்தர் சில மாசத்துல இறந்தார். அந்த பயத்துலதான் அடுத்த வருஷம் ஜூலை 9ல, அணு ஆயுதப் போர் வேண்டாம்னு ரஸ்ஸல்-ஐன்ஸ்டீன் அறிக்கை வந்துச்சு, மொத்தம் 11 பேர் கையெழுத்து. ஐன்ஸ்டீன் சாகறதுக்கு சில நாள் முன்னாடி போட்ட கையெழுத்து அது. அதுலேர்ந்து பொறந்ததுதான் 1957 ஜூலையில பக்வாஷ்ல நடந்த கூட்டம். முதல்ல டெல்லியில நடத்தறதாதான் இருந்துச்சு, சூயஸ் பிரச்சனையில தள்ளிப்போய், கனடாவுல பொறந்த அமெரிக்கத் தொழிலதிபர் சைரஸ் ஈட்டன் செலவு ஏத்துக்கிட்டதால அவர் ஊருக்குப் போச்சு. வந்தது வெறும் 22 விஞ்ஞானிங்க, அமெரிக்கா, சோவியத், சீனா, ஜப்பான்னு கலந்து.

சும்மா பேசி என்ன ஆச்சுன்னு நிறைய பேர் கேக்கறாங்க. அங்க வந்தவங்க நாட்டுப் பிரதிநிதியா வரல, தனி ஆளா வந்தாங்க. அதனால "எங்க பக்கமும் இது முட்டாள்தனம்தான்"னு ஒருத்தர் டீ குடிக்கும்போது சொல்லலாம், அது எங்கயும் பதிவாகாது. ஊருக்குத் திரும்பிப் போய் அவங்கவங்க அரசாங்கத்துக்கு ஆலோசனை சொல்லும்போது அது வேலை செய்யும். ஏவுகணையைத் தடுக்கற ஏவுகணை விஷயத்துல சோவியத் தரப்பு முதல்ல தற்காப்புல என்ன தப்புன்னுதான் கேட்டுச்சு. நீ தடுப்பு வச்சா நான் இன்னும் நாலு ஏவுகணை செய்வேன், கடைசியில ரெண்டு பேருக்கும் நஷ்டம்ங்கற கணக்கை அமெரிக்க விஞ்ஞானிங்க இந்த மாதிரி கூட்டங்கள்ல வருஷக்கணக்கா விளக்கினாங்க. 1972ல அதுக்கு கட்டுப்பாடு வச்சு ஒப்பந்தம் வந்துச்சு. இவங்களாலதான் வந்துச்சுன்னு நான் சொல்ல மாட்டேன், ஆனா அந்த வாதம் ரெண்டு பக்கமும் ஏற்கனவே ஓடிக்கிட்டு இருந்ததால மேசைக்கு வந்தப்ப புதுசா தெரியல.

இந்த அமைப்பை தூக்கி நிறுத்தின ஜோசப் ராட்பிளாட், அமெரிக்காவோட குண்டு தயாரிப்பான மன்ஹாட்டன் திட்டத்துலேர்ந்து ஜெர்மனிகிட்ட குண்டு இல்லன்னு தெரிஞ்சதும் 1944 கடைசியில விலகி வந்தவர். 1995 அமைதி நோபல் அவருக்கும் பக்வாஷுக்கும் பாதி பாதி.

எதிரி நாட்டுக்காரனோட பேசினா துரோகின்னு முத்திரை குத்த மாட்டாங்களா?

குத்தினாங்களே. அமெரிக்க வேதியியலாளர் லைனஸ் பாலிங்குக்கு 1952ல பாஸ்போர்ட்டே குடுக்கல, 1954ல ஓப்பன்ஹைமர் அரசாங்க ரகசியங்களை பாக்கறதுக்கு இருந்த அனுமதியை பறிச்சாங்க. சோவியத் பக்கம் இயற்பியலாளர் சகாரோவை 1980ல கார்க்கி நகரத்துக்கு நாடு கடத்தின மாதிரி ஒதுக்கி வச்சாங்க. சோவியத்லேர்ந்து கூட்டத்துக்கு வந்த விஞ்ஞானிங்க அரசாங்க அனுமதி இல்லாம வந்திருக்க முடியாதுன்னு மத்தவங்களுக்கும் தெரியும். ஆனா ஒரு வகையில அதுவும் உபயோகம்தான், அவங்ககிட்ட சொன்னா மேலிடத்துக்குப் போய்ச் சேரும்னு ஒரு உத்தரவாதம்.

அரசாங்கம் முடியாதுன்னதை விஞ்ஞானிங்க செஞ்சு காட்டின கதை ஏதாவது உண்டா?

உண்டு, எனக்கு ரொம்ப பிடிச்ச கதை. 1985 ஆகஸ்டுலேர்ந்து நாங்க சோதனையை நிறுத்தறோம்னு சோவியத் தலைவர் கோர்பச்சேவ் அறிவிச்சார். அமெரிக்க அரசாங்கம் நம்பல, ரஷ்யாக்காரன் உள்ள வந்து பாக்க விட மாட்டான், அதனால இதெல்லாம் பேச்சுதான்னு சொல்லிட்டாங்க. அப்ப ஒரு அமெரிக்க சுற்றுச்சூழல் அமைப்புல வேலை பாத்த டாம் காக்ரன்கற இயற்பியலாளர், சோவியத் அறிவியல் அகாடமி துணைத்தலைவர் வெலிகோவ்கிட்ட நேரா பேசி, 1986 ஜூலையில அமெரிக்க நில அதிர்வு கருவிகளை தூக்கிட்டுப் போய் செமிபலாட்டின்ஸ்க் சோதனைத் தளத்தை சுத்தி வச்சுட்டாங்க! சோவியத்தோட முக்கியமான அணு சோதனைத் தளம், அதுக்குப் பக்கத்துல அமெரிக்கப் பல்கலைக்கழக ஆளுங்க கூடாரம் போட்டு உக்காந்து அளந்துக்கிட்டு இருக்காங்க, ரெண்டு அரசாங்கத்துக்கும் நடுவுல இப்படி ஒரு ஒப்பந்தமே கிடையாது. உள்ள விட மாட்டான்கற வாதம் அதோட காலி.

அதே கும்பல் 1989ல இன்னொண்ணு பண்ணாங்க. கருங்கடல்ல ஸ்லாவாங்கற சோவியத் போர்க்கப்பல் மேல ஏறி, ஏவுகணைக் குழாய்க்குள்ள இருந்த நிஜ அணு ஆயுதத்தை வெளியிலேர்ந்து காமா கதிர் கருவி வச்சு கண்டுபிடிச்சாங்க.

இப்ப யாராவது ரகசியமா சோதனை பண்ணா தெரியுமா?

பெரும்பாலும் தெரியும். 1976லேர்ந்து ஜெனீவாவுல ஒரு நிபுணர் குழு, ஒப்பந்தம் வருமா வராதான்னே தெரியாம, டேட்டாவை எப்படி பரிமாறிக்கறது, எந்த ஃபார்மட்டுல அனுப்பறதுன்னு இருபது வருஷமா பொறுமையா உழைச்சுக்கிட்டு இருந்துச்சு. நீங்க பேர் கேள்விப்பட்டிருக்க மாட்டீங்க, யாரும் நோபல் குடுக்கல. என்னைக் கேட்டா மனுவுல கையெழுத்து போட்ட பெரிய பேருங்களை விட இவங்க பண்ண வேலை அதிகம். 1996ல முழு சோதனைத் தடை ஒப்பந்தம் வந்தப்ப கண்காணிப்புக்கான டிசைன் கையில ரெடியா இருந்துச்சுன்னா அது இவங்களாலதான்.

அந்த நெட்வொர்க் திட்டத்துல 321 நிலையம், 16 ஆய்வகம். நில அதிர்வு, கடலுக்கடியில ஒலி, காதுக்கு கேக்காத தாழ் ஒலி, காத்துல கதிரியக்கத் துகள்னு நாலு வகை காது மூக்கு. 2006 அக்டோபர் 9ல வடகொரியா முதல் சோதனை பண்ணப்ப ஒரு கிலோடன்னுக்கும் கம்மிதான், நெட்வொர்க்கும் முழுசா கட்டி முடியல, அப்படியும் இருபதுக்கும் மேற்பட்ட நிலையம் பிடிச்சுது. ரெண்டு வாரம் கழிச்சு கனடாவுல யெல்லோநைஃப்ல இருக்கற நிலையத்துல, அணு வெடியில உண்டாகற கதிரியக்க செனான் வாயு தட்டுப்பட்டுச்சு.

ஆனா அந்த ஒப்பந்தம் இன்னும் சட்டமா அமலுக்கு வரல. 44 குறிப்பிட்ட நாடு எல்லாம் ஒப்புதல் குடுத்தாத்தான் வரும். அமெரிக்கா கையெழுத்தோட நின்னுடுச்சு, இந்தியா பாகிஸ்தான் வடகொரியா கையெழுத்தே போடல, ரஷ்யா குடுத்த ஒப்புதலை 2023ல திரும்ப வாங்கிக்கிச்சு.

சோவியத் உடைஞ்சப்ப அணு பொருள் எல்லாம் என்ன ஆச்சு?

அது நிஜமாவே பயங்கரமான காலம். வெளியாளை விடாத மூடின நகரங்கள்ல குண்டு செஞ்ச ஆயிரக்கணக்கான விஞ்ஞானிங்களுக்கு ஒழுங்கா சம்பளம் வரல, யாராவது பணம் குடுத்து தூக்கிட்டுப் போயிடுவாங்களோன்னு கவலை. 1992 பிப்ரவரியில, அமெரிக்கா முதல் குண்டை செஞ்ச லாஸ் அலமாஸ் ஆய்வகத்தோட இயக்குநர் சீக்ஃபிரீட் ஹெக்கர் சாரோவுக்குப் போனார், அதாவது ரஷ்யாவோட லாஸ் அலமாஸுக்கு. அங்கேர்ந்து ஆரம்பிச்சது ஆய்வகமும் ஆய்வகமும் நேரடியா சேர்ந்து வேலை செய்யற ஏற்பாடு. பூட்டு, வேலி, எடை கணக்கு, கதிர் கண்டுபிடிக்கற வாசல்னு ஒண்ணொண்ணா செஞ்சாங்க. ஒரே வேலையை எதிரெதிர்ல பண்ணவங்கங்கறதால பேச்சு சீக்கிரம் ஒட்டிக்கிச்சு. 1994ல கஜகஸ்தான்ல ஒரு தொழிற்சாலையில கிடந்த சுமார் 600 கிலோ உயர் செறிவு (அதாவது குண்டுக்கு ஆகற) யுரேனியத்தை அமெரிக்காவுக்கு விமானத்துல கொண்டு போனாங்க. அதே நாட்டுல டெகலென் மலை சுரங்கங்கள்ல பழைய சோதனையில மிஞ்சின புளூட்டோனியம் அப்படியே கிடந்துச்சு, இரும்பு பொறுக்க வந்தவங்க அந்த சுரங்கத்தையே தோண்டிக்கிட்டு இருந்தாங்க! மூணு நாட்டு விஞ்ஞானிங்க சேர்ந்து கான்கிரீட் போட்டு அடைச்சு முடிக்க 2012 ஆயிடுச்சு.

இன்னொண்ணு. தாமஸ் நெஃப்ங்கற எம்ஐடி இயற்பியலாளர் 1991ல ஒரு பத்திரிகைக் கட்டுரையில, ரஷ்ய குண்டுல இருக்கற யுரேனியத்தை நீர்க்க வச்சு அமெரிக்க மின்நிலையத்துக்கு எரிபொருளா வாங்கிக்கலாமேன்னு எழுதினார். வாங்கினாங்க. 1993லேர்ந்து 2013 வரைக்கும் 500 டன், ஏறக்குறைய 20,000 குண்டுக்கு சமம். பல வருஷம் அமெரிக்க மின்சாரத்துல பத்துல ஒரு பங்கு ரஷ்ய குண்டுலேர்ந்து வந்துச்சு.

ஈரான் ஒப்பந்தத்துல விஞ்ஞானிங்க என்ன பண்ணாங்க?

2015 பிப்ரவரியில, ஈரானோட அணு திட்டத்துக்கு கட்டுப்பாடு வைக்கற பேச்சு மாட்டிக்கிட்டு நின்னப்ப ஈரான் அணுசக்தித் தலைவர் சலேஹியை அனுப்புச்சு, அமெரிக்கா எரிசக்தித் துறை அமைச்சர் எர்னஸ்ட் மோனிஸை அனுப்புச்சு. மோனிஸ் அணு இயற்பியலாளர், எம்ஐடி பேராசிரியர். சலேஹி எழுபதுகள்ல அதே எம்ஐடியில டாக்டர் பட்டம் வாங்கினவர். சலேஹிக்கு பேத்தி பொறந்த சமயம், மோனிஸ் எம்ஐடி முத்திரை போட்ட குழந்தைச் சாமான் கொண்டு போய் குடுத்தார்.

எதுக்கு இவங்க தேவைப்பட்டாங்கன்னா, இயற்கை யுரேனியத்துல 1000 அணுவை எடுத்தா 7தான் வேலைக்காகற யு-235ங்கற வகை. மத்ததை வெளிய தள்ளி இதோட பங்கை கூட்டறதுதான் செறிவூட்டறது. 20 சதவீதம் ஆக்கணும்னா 965ஐ வெளிய தள்ளி 35ல நிக்கணும். அங்கேர்ந்து குண்டுக்கான 90 சதவீதத்துக்கு இன்னும் 27ஐ தள்ளினா போதும், 8ல 7 வந்துடும். அதாவது 20ங்கறது பாக்க கம்மியா தெரிஞ்சாலும் மலை ஏறி முடிச்ச மாதிரிதான், இது தெரியாத ஆள் 20க்கும் 90க்கும் நடுவுல நிறைய தூரம் இருக்குன்னு நினைச்சு கையெழுத்து போட்டுடுவார். செறிவூட்டற மெஷின் (மையவிலக்கு) எத்தனை, கையிருப்பு எத்தனை கிலோ, எத்தனை சதவீதம், மூணும் ஒண்ணோட ஒண்ணு கட்டிப்போட்டது. ஒண்ணுல விட்டுக்குடுத்தா இன்னொண்ணுல இறுக்கலாம். ஒரு குண்டுக்கான பொருள் சேர்க்க குறைஞ்சது ஒரு வருஷம் ஆகணும்ங்கறது அமெரிக்காவோட இலக்கு. அதுக்கு ஏத்த மாதிரி செறிவூட்ட 5,060 மையவிலக்கு, 3.67 சதவீதம், 300 கிலோன்னு முடிச்சாங்க.

2018ல அமெரிக்கா வெளிய போச்சு. 2021ல ஈரான் 60 சதவீதத்துக்குப் போச்சு. 2025 ஜூன்ல இஸ்ரேலும் அமெரிக்காவும் குண்டு வீசறதுல போய் நின்னுச்சு, அதுல ஈரானிய அணு விஞ்ஞானிங்களையும் இஸ்ரேல் குறி வச்சு கொன்னுச்சு. கணக்கு தப்பா இருந்து ஒப்பந்தம் உடையல.

விஞ்ஞானி உண்மையை சொன்னா அரசாங்கம் கேட்டுதான் ஆகணுமா?

எங்க? 2003 மார்ச் 7ல ஐஏஇஏ தலைவர் எல்பரதெய் (அவர் வக்கீல், ஆனா பின்னாடி இருந்தது இன்ஸ்பெக்டர் டீம்) ஐ.நா. பாதுகாப்பு சபையில, ஈராக் நைஜர்லேர்ந்து யுரேனியம் வாங்க பாத்துச்சுன்னு காட்டற பேப்பரெல்லாம் போலின்னு சொன்னார், அணு ஆயுதத் திட்டம் மறுபடி ஆரம்பிச்சதுக்கு ஆதாரம் இல்லன்னும் சொன்னார். ரெண்டு வாரத்துல அமெரிக்கா ஈராக் மேல போரை ஆரம்பிச்சுது.

விஞ்ஞானிங்க எல்லாரும் நல்லவங்களா?

அப்படி ஒரு பிம்பம் இருக்கு, நம்பாதீங்க. பாகிஸ்தானோட ஏ.க்யூ. கான் ஒரு உலோகவியல் நிபுணர், மையவிலக்கு டிசைனை ஈரான், லிபியா, வடகொரியா வரைக்கும் கொண்டு போனதை 2004ல டிவியில ஒத்துக்கிட்டார். நல்ல எண்ணத்துலயும் தப்பு நடந்திருக்கு. அமைதிக்கு அணுன்னு ஐம்பதுகள்ல உலகம் பூரா ஆராய்ச்சி ரியாக்டர் குடுத்தாங்க, போகப் போக அதுல நிறைய குண்டு தரத்துக்கு செறிவூட்டின யுரேனியத்துல ஓடிச்சு. 1978லேர்ந்து அதையெல்லாம் 20 சதவீதத்துக்கு கீழ மாத்தற வேலை நடக்குது, அதையும் விஞ்ஞானிங்கதான் பண்றாங்க.

பக்கத்து பக்கத்து எதிரி நாடுகளுக்கு இது வேலை செஞ்சிருக்கா?

அர்ஜென்டினா, பிரேசில். ரெண்டும் ரகசியமா செறிவூட்டிக்கிட்டு இருந்த நாடு. 1991ல கூட்டா ஒரு அமைப்பு வச்சாங்க, அர்ஜென்டினா ஆள் பிரேசில் ஆலையை பாப்பான், பிரேசில் ஆள் அர்ஜென்டினா ஆலையை பாப்பான். இன்னும் ஓடுது. இந்தியா-பாகிஸ்தான்ல அந்த அளவு இல்ல, ஆனா 1992லேர்ந்து வருஷா வருஷம் ஜனவரி 1ல அணு நிலையங்களோட பட்டியலை பரிமாறிக்கறாங்க, ஒருத்தரை ஒருத்தர் அங்க தாக்கக்கூடாதுன்னு. எவ்ளோ சண்டை வந்தாலும் அந்த லிஸ்ட் மட்டும் போயிடுது.

அணு ஆயுதத்தை அழிக்கறேன்னு சொல்லி டம்மியை அழிச்சா எப்படி கண்டுபிடிக்கறது?

நல்ல கேள்வி, இன்னும் முழுசா தீராத கேள்வியும் கூட. உள்ள பாத்தாத்தான் நிஜமான்னு தெரியும், உள்ள பாத்தா டிசைன் ரகசியம் போயிடும். தராசை நினைச்சுக்கோங்க. ரெண்டு மூட்டையை ரெண்டு தட்டுல வச்சா, முள் நேரா நின்னா ரெண்டும் ஒரே எடை. ஆனா என்ன எடைன்னு உங்களுக்கு தெரியாது. அதே மாதிரி, நிஜம்னு உறுதியான ஒண்ணையும் சந்தேகமான ஒண்ணையும் நியூட்ரான் வச்சு ஒப்பிட்டு "ரெண்டும் ஒண்ணா இல்லையா"ங்கற பதில் மட்டும் வர்ற மாதிரி ஒரு முறையை 2014ல பிரின்ஸ்டன் குழு ஒண்ணு முன்வச்சுது. அணு ஆயுதம் உள்ள பிரிட்டனும் இல்லாத நார்வேயும் 2007லேர்ந்து சேர்ந்து இந்த மாதிரி கருவி செஞ்சு ஒத்திகை பாத்தாங்க. அங்க வந்த தலைவலி இயற்பியல் கூட இல்ல, கருவியை எந்த நாடு செய்யறதுங்கறதுதான். நீ செஞ்சா நான் நம்ப மாட்டேன், நான் செஞ்சா நீ உள்ள விட மாட்ட.

நான் பிசிக்ஸ் படிக்கறேன், இதுக்குள்ள வர முடியுமா?

வரலாம், பிசிக்ஸ்னு மட்டும் இல்ல. வேதியியல், நில அதிர்வியல், செயற்கைக்கோள் படம் படிக்கறவங்க, சாஃப்ட்வேர் ஆளுங்க எல்லாருக்கும் இடம் இருக்கு. ஐஏஇஏ, சோதனைத் தடை அமைப்பு ரெண்டுமே வியன்னாவுல இருக்கு, இளைஞர்களுக்குன்னு தனியா குழுவும் பயிற்சியும் நடத்தறாங்க. ஆனா பெரிய மேசையில உக்காந்து நாடுகளை சமாதானம் பண்ற மாதிரி கற்பனை பண்ணிக்கிட்டு வராதீங்க. இன்ஸ்பெக்டர் வேலையில பாதி, துணியால சுவரைத் துடைச்சு பைக்குள்ள போட்டு ஆய்வகத்துக்கு அனுப்பறது, கேமரா சீல் உடையாம இருக்கான்னு பாக்கறது, கணக்குல உள்ள சிலிண்டரை ஒவ்வொண்ணா எண்றது. மீதி பாதி ஏர்போர்ட்ல காத்துக்கிட்டு இருக்கறது.